நஷ்டம் அவர்களுக்கு வந்தால் குற்றம். நமக்கு வந்தால் தலைவிதியா?

தோழர்களே!

முதலாளிமார் கையில் ஆயுதங்கள் பல உண்டு. வேலை நீக்கம் ஒன்று. லயத்தை விட்டு வெளியேற்றுவது மற்றொன்று. இவ்விரண்டையும் நாம் நன்கு அறிவோம். எதிர்த்து நின்றும் பழகியிருக்கிறோம். மூன்றாவது ஆயுதம் ஒன்று இருக்கிறது. அது சத்தமில்லாமல் தபாலில் வரும். "உங்களுடைய சட்டவிரோதச் செயலால் கம்பெனியின் தொழில் பாதிக்கப்பட்டது, இத்தனை ஆயிரம் வெள்ளி நஷ்டஈடு தரவேண்டும், தவறினால் வழக்குத் தொடரப்படும்" என்று கூறும் வக்கீல் கடிதமே அது.

போலீஸ் வண்டியைக் கண்டு அஞ்சாத தோட்டக் கமிட்டித் தலைவரும் இந்தக் கடிதத்தைக் கண்டால் மலைத்துப் போகிறார். அவருடைய சம்பளம் அவருக்குத் தெரியும். கடிதத்தில் கண்ட தொகையைச் சேர்க்க எத்தனை ஆண்டு பால் வெட்டவேண்டும் என்பதும் தெரியும். "பேசாமல் மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிடு, அண்ணே" என்று பக்கத்தில் நிற்பவர்களும் சொல்லிவிடுவார்கள். கடிதம் அனுப்பியவர் விரும்புவதும் அதுதான். வழக்கு நடக்கவேண்டும் என்பதில்லை. நாம் வாயை மூடினால் போதும்.

அந்த அச்சத்தைப் போக்கவே இதை எழுதுகிறோம். அதோடு, "சங்கம் இருக்கிறது, நமக்கென்ன" என்று சிலர் காட்டும் அலட்சியத்தையும் போக்க எழுதுகிறோம். அச்சம், அலட்சியம் இரண்டும் அறியாமையின் பிள்ளைகளே.

சட்டம் எதைத் தீங்கு என்கிறது?

ஒருவருடைய தொழிலுக்கு நஷ்டம் உண்டாக்கியது மட்டுமே குற்றமாகிவிடாது. இதை முதலில் மனத்தில் பதியவைத்துக் கொள்ளவேண்டும். தோட்டத்து முச்சந்தியில் ஒரு சாமான் கடை இருக்கிறது. எதிரே இன்னொருவர் கடை திறந்து விலையைக் குறைத்து விற்கிறார். பழைய கடைக்காரருக்கு வியாபாரம் படுத்துவிடுகிறது. அவர் கோர்ட்டுக்குப் போனால் நஷ்டஈடு கிடைக்குமா? கிடைக்காது. "உனக்கு நஷ்டம் உண்டு, ஆனால் சட்டம் ஒப்புக்கொள்ளும் தீங்கு எதுவும் உனக்குச் செய்யப்படவில்லை" என்று நீதிபதி திருப்பி அனுப்பிவிடுவார்.

அப்படியானால் எப்போது தீங்காகும்? ஒருவர் செய்த ஒப்பந்தத்தை முறிக்கும்படி அவரைத் தூண்டினால் தீங்கு. சட்டவிரோதமான மிரட்டலால் ஒருவருக்கு நஷ்டம் வரச்செய்தால் தீங்கு. கெடுதல் செய்யும் நோக்கத்தோடு, மூன்றாம் ஆள்மீது சட்டவிரோத வழியைக் கையாண்டு ஒருவரின் தொழிலைக் கெடுத்தால் தீங்கு. பலர் கூடிச் சதி செய்து, கெடுப்பதையே குறியாகக் கொண்டு நஷ்டப்படுத்தினாலும் தீங்கு.

இந்தச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. இலண்டன் நாடகக் கொட்டகை முதலாளி ஒருவர் ஜொஹானா வாக்னர் என்ற பாடகியை ஒப்பந்தம் செய்திருந்தார். போட்டிக் கொட்டகைக்காரர் அதிகப் பணம் காட்டி அவரைத் தம்பக்கம் இழுத்தார். 1853இல் அந்த வழக்கில், "ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டியவன் நஷ்டஈடு தரவேண்டும்" என்ற கொள்கையை நீதிபதிகள் நிலைநாட்டினார்கள். ஒரு பாடகிக்காக இரண்டு முதலாளிகள் போட்ட சண்டை அது. அதில் பிறந்த சட்டம் பிற்காலத்தில் யார் தலையில் விழுந்தது தெரியுமா? "வேலைநிறுத்தம் செய்யுங்கள்" என்று சொன்ன தொழிற்சங்கக் காரியதரிசியின் தலையில்தான். வேலைக்கு வருவதாக ஒப்பந்தம் செய்த தொழிலாளியை வரவேண்டாம் என்று சொன்னால் அதுவும் ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டுவதுதானாம்!

இங்கிலாந்துக் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின்படி, அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் தேதி இங்கிலாந்தில் நடைமுறையில் இருந்த பொதுச் சட்டம், நம் சட்டமன்றம் வேறுவிதமாக விதிக்காத இடங்களில், தீபகற்ப மலேசியாவின் கோர்ட்டுகளுக்கும் வழியாயிற்று. அதற்குப் பிந்திய ஆங்கிலத் தீர்ப்புகளையும் வக்கீல்கள் இன்றுவரை எடுத்துக் காட்டுகிறார்கள். 1957இல் கொடி மாறியது. இந்தச் சட்டப் புத்தகம் அலமாரியிலேயே இருந்தது. ஆகவே அந்தக் கதை நம் கதைதான்.

கப்பல் முதலாளிகளும் கசாப்புத் தொழிலாளர்களும்

இப்போது இரண்டு வழக்குகளைத் தராசின் இரண்டு தட்டுகளில் வைக்கிறோம். நீங்களே எடை போடுங்கள்.

முதல் வழக்கு சீனத் தேயிலைக் கப்பல்களைப் பற்றியது. சீனாவிலிருந்து தேயிலை ஏற்றி வந்த பெரிய கப்பல் கம்பெனிகள் சில தங்களுக்குள் ஒரு கூட்டு ஏற்படுத்திக்கொண்டன. மோகல் என்ற கம்பெனி அந்தக் கூட்டில் இல்லை. 1885இல் அது தன் கப்பல்களை ஹாங்கோ துறைக்கு அனுப்பியது. உடனே கூட்டுக்காரர்களும் தங்கள் கப்பல்களை அங்கே அனுப்பினார்கள். கூலி கட்டாத அளவுக்குச் சரக்குக் கட்டணத்தை வெட்டினார்கள். எங்கள் கப்பலில் மட்டுமே ஏற்றும் வியாபாரிக்குக் கழிவு உண்டு என்றார்கள். மோகலுக்கு வேலை செய்யும் ஏஜெண்டுகளை விலக்குவோம் என்று எச்சரித்தார்கள். மோகல் கம்பெனி நஷ்டப்பட்டு வழக்குப் போட்டது. பிரபுக்கள் சபை என்ன சொல்லிற்று? இது வியாபாரப் போட்டி, தங்கள் லாபத்தைக் காக்கச் செய்தார்கள், குற்றமில்லை. 1892ஆம் ஆண்டின் சட்ட ஏட்டில் அந்தத் தீர்ப்பு இருக்கிறது.

இரண்டாவது வழக்கு அயர்லாந்தில் நடந்தது. லிஸ்பர்ன் ஊரில் லீதம் என்ற கசாப்புக் கடைக்காரர் சங்கத்தில் சேராத ஆட்களை வேலைக்கு வைத்திருந்தார். அவர்களை விலக்கு என்றது கசாப்புத் தொழிலாளர் சங்கம். அவரோ, அபராதத்தை நானே கட்டிவிடுகிறேன், அவர்களைச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். சங்கம் இணங்கவில்லை. லீதமிடம் வாரந்தோறும் 30 பவுன் அளவில் இறைச்சி வாங்கிய பெல்பாஸ்ட் வியாபாரியிடம் போய், "அவரிடம் வாங்கினால் உன் ஆட்களை வெளியே அழைப்போம்" என்றது. வியாபாரி வாங்குவதை நிறுத்தினார். 1901இல் அதே பிரபுக்கள் சபை என்ன சொல்லிற்று? இது சதி, சங்கத்தார் நஷ்டஈடு தரவேண்டும்!

அந்தச் சங்கம் செய்தது முழுக்கச் சரி என்று நாம் வாதாடவில்லை. சேர வந்தவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது பிடிவாதம். அது தொழிற்சங்க தர்மம் அன்று. நாம் கேட்பது வேறு. கப்பல் முதலாளிகளும் கூடினார்கள். கசாப்புத் தொழிலாளரும் கூடினார்கள். அவர்களும் மூன்றாம் ஆளை நெருக்கினார்கள், இவர்களும் நெருக்கினார்கள். அங்கேயும் நஷ்டம், இங்கேயும் நஷ்டம். ஒரே சபை, பத்தாண்டு இடைவெளி. முதலாளி கூடினால் அதன் பெயர் போட்டி. தொழிலாளி கூடினால் அதன் பெயர் சதி. லாபத்தைக் காப்பது நியாயமான நோக்கமாம். கூலியைக் காப்பது கெடுக்கும் நோக்கமாம்! நீதி தேவதையின் கண்ணைத் துணியால் கட்டியிருக்கிறார்கள் என்பார்கள். அன்று அந்தத் துணி ஒரு கண்ணில் மட்டும் நழுவியிருந்தது.

ஏழைகளின் சந்தாவைச் சூறையாடிய தீர்ப்பு

அதே 1901இல் இன்னொரு இடி விழுந்தது. தென் வேல்ஸில் டாஃப் வேல் ரயில்வே கம்பெனித் தொழிலாளர்கள் 1900 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி ரயில்வே ஊழியர் சங்கத்தின்மீதே வழக்குப் போட்டது. சங்கத்தின் நிதியிலிருந்தே நஷ்டஈடு வாங்கலாம் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நஷ்டஈடு 23,000 பவுன். வழக்குச் செலவும் சேர்ந்து சங்கத்துக்கு ஏறத்தாழ 42,000 பவுன் போயிற்று. அது யாருடைய பணம்? கரி அள்ளியவனும் விளக்கு ஏற்றியவனும் வாரந்தோறும் போட்ட சில்லறை. விபத்தில் செத்தவனின் குடும்பத்துக்கென்று சேர்த்த பணம்.

அமெரிக்காவில் இன்னும் கொடுமை. டான்பரி என்ற ஊரின் தொப்பி முதலாளி, தம் தொப்பியை வாங்காதீர்கள் என்று தொழிற்சங்கம் பிரசாரம் செய்ததற்காக வழக்குப் போட்டார். 1908இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சங்கத்தை மட்டுமா பிடித்தார்கள்? சாதாரண அங்கத்தினர்களான தொப்பித் தொழிலாளர்களின் வீடுகளையும் பாங்குச் சேமிப்பையும் ஜப்தியில் வைத்தார்கள். 1917இல் 2 லட்சத்து 30 ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்துத்தான் அந்த வழக்கு தீர்ந்தது. அந்த வீடுகளைக் காப்பாற்ற நாடெங்கும் உள்ள தொழிலாளர்கள் ஒருமணி நேரக் கூலியைக் கொடுத்து உதவவேண்டியதாயிற்று.

இந்த அடியில் இங்கிலாந்துத் தொழிலாளி சுருண்டு படுத்தானா? இல்லை. கோர்ட்டு எழுதியதை மாற்றச் சட்டசபைக்குப் போகவேண்டும் என்று தெரிந்துகொண்டான். 1900இல் தொடங்கிய தொழிலாளர் பிரதிநிதித்துவக் கமிட்டியில் சங்கங்கள் அணிஅணியாய்ச் சேர்ந்தன. 1906 தேர்தலில் அதன் சார்பில் 29 பேர் பார்லிமெண்டுக்குள் நுழைந்தார்கள். அந்த ஆண்டே தொழில் தகராறுச் சட்டம் நிறைவேறிற்று. தொழில் தகராறை ஒட்டி வேலைநிறுத்தத்துக்கு அழைப்பது வழக்குக்குரிய தீங்கு அன்று என்றும், தீங்கு வழக்கில் சங்க நிதியைத் தொடக்கூடாது என்றும் அது விதித்தது.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். எந்த நீதிபதியும் மனமிரங்கி இந்தக் கேடயத்தைத் தரவில்லை. தொழிலாளர்கள் ஒன்றுதிரண்டு வாங்கினார்கள். கொடுக்கப்பட்டதைத் திரும்பப் பிடுங்கவும் முடியும் என்பதற்கும் அந்த நாடே சாட்சி. 1982இல் இங்கிலாந்தில் சங்க நிதிக்கு இருந்த அந்த முழுப் பாதுகாப்பைச் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள்.

ரப்பரின் கதை என்ன சொல்கிறது?

வேற்று நாட்டுக் கதை போதும். நம் மரத்தடிக்கு வருவோம்.

1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் என்ற ஒன்று மலாயாவிலும் இலங்கையிலும் அமுலுக்கு வந்தது. ரப்பர் விலை விழுந்துவிட்டது. ஆகவே உற்பத்தியைக் குறைத்து ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையைத் தூக்குவது என்று ஏற்பாடு. 1928 நவம்பர் வரை அது நடந்தது. பிறகு 1934இல் பல நாடுகள் சேர்ந்து சர்வதேச ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதிலும் இதே வேலைதான். சரக்கைக் குறை, விலையை ஏற்று. டயர் செய்யும் கம்பெனிகள் கூச்சலிட்டன. ஆனால் இதைச் சதி என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. ஏனென்றால் சர்க்காரே முன்னின்று அதைச் சட்டமாக்கிக் கொடுத்தது.

முதலாளிமார் சேர்ந்து மரத்தைக் குறைவாய் வெட்டச் சொன்னால் அது விலைப் பாதுகாப்பு. நாம் சேர்ந்து ஒருநாள் வெட்டமாட்டோம் என்றால் அது தொழிலுக்குத் தீங்கு! மரம் ஒன்றே, பால் ஒன்றே, வெட்டாமல் நின்ற நாளும் ஒன்றே. நிறுத்தச் சொன்ன வாய்தான் வேறு.

அந்த மந்த காலத்தில் நமக்கு வந்த நஷ்டத்துக்கு யார் கணக்கு எழுதினார்கள்? ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாட்கூலியை 1930 தொடங்கி வெட்டினார்கள். பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். தோட்டத்தில் பிறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சாமான் மூட்டையோடு துறைமுகத்தில் நின்ற தாய் எந்தக் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டாள்?

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டும் மானம் கேட்டும் எழுந்தார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற அவமானத்தை ஒழிக்கச் சொன்னதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. பதில் என்ன? தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள், படையை வரவழைத்தார்கள், துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் உயிர்கள் போயின. அப்போது தீங்கு இழைத்தவர் யார், தீங்குக்கு ஆளானவர் யார்?

1950ஆம் ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டுதுண்டாக்கி மறுபடி விற்றார்கள். ஒரே நாளில் வேலை போயிற்று, லயம் போயிற்று, பள்ளிக்கூடமும் கோயிலும் அநாதையாயின. 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்து அறிக்கை எழுதினார். வி. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழி செய்தார். அந்த முயற்சி வாழ்க! ஆனால் வீதியில் நின்றவனுக்குச் சட்டம் சொன்னது என்ன? நிலத்துச் சொந்தக்காரர் தம் சொத்தை விற்றார். உனக்கு நஷ்டம் உண்டு, தீங்கு இல்லை. போய் வா!

இன்றைக்கும் ஒரு கணக்கைப் பாருங்கள். தம் தொழிலுக்குத் தீங்கு நேர்ந்தது என்று தீபகற்ப மலேசியாவில் முதலாளி வழக்குப் போட 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் 6 ஆண்டு அவகாசம் தருகிறது. நியாயமின்றி வேலை நீக்கப்பட்ட தொழிலாளி, வேலையைத் திரும்பக் கேட்டு 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின்கீழ் முறையிட எத்தனை நாள்? 60 நாள்! கம்பெனிக்கு வக்கீல் உண்டு, குமாஸ்தா உண்டு, டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டரும் உண்டு; அதற்கு 6 ஆண்டு. வேலையிழந்து, லயத்தைக் காலி செய்து, பிள்ளைகளோடு அலைபவனுக்கு 60 நாள். இதுவா சமநீதி?

நம் கேடயமும் அது நழுவும் இடங்களும்

நமக்கும் ஒரு கேடயம் இருக்கிறது. 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், ஆங்கிலேயரின் 1906ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றி, பதிவு பெற்ற சங்கத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது. தொழில் தகராறை ஒட்டிச் செய்த செயல், வேலை ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டியது என்பதற்காகவோ, ஒருவருடைய தொழிலில் குறுக்கிட்டது என்பதற்காகவோ மட்டும் வழக்குத் தொடர முடியாது. சங்கம் தீங்கு செய்தது என்று கூறிச் சங்கத்தின்மீது நஷ்டஈட்டு வழக்குப் போடுவதற்கும் தடை உண்டு.

ஆனால் கேடயம் கையில் இருந்தால் போதாது, பிடிக்கத் தெரியவேண்டும். அது நழுவும் இடங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, பதிவு. பதிவு பெற்ற சங்கத்துக்கே இந்தக் கேடயம். 1979இல் விமானக் கம்பெனித் தகராறின்போது விமான ஊழியர் சங்கத்தின் பதிவை ரத்து செய்தார்கள். கணக்கை நேரத்தில் அனுப்பாமலும், சட்டவிதிகளைக் கவனியாமலும் இருக்கும் சங்கம் தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கிறது.

இரண்டாவது, தகராறு. தொழில் தகராறை ஒட்டிய செயலாக இருக்கவேண்டும். சொந்தப் பகைக்கும் சங்கங்களின் போட்டிக்கும் கேடயம் கிடையாது. 1964இல் இலண்டன் தேம்ஸ் நதிப் படகுத் தொழிலாளர் சங்கம் ஒரு முதலாளியின் படகுகளைத் தொடமாட்டோம் என்று தடை போட்டது. காரணம், அவர் போட்டிச் சங்கத்துக்குப் பேரம் பேசும் உரிமை கொடுத்ததுதான். இது தொழில் தகராறு அன்று, இரண்டு சங்கங்களின் பொறாமை என்று பிரபுக்கள் சபை கேடயத்தை விலக்கிவிட்டது. இந்தப் பாடம் நமக்கு இன்று மிக அவசரமானது. 2024 செப்டம்பர் 15 முதல் அமுலுக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தத்தின்படி, ஒரே தொழிலில், ஒரே இடத்தில் பல சங்கங்கள் தோன்றலாம். சங்கம் அமைக்கும் சுதந்திரத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒரு தோட்டத்தில் மூன்று கொடி பறந்து, மூன்றும் ஒன்றையொன்று கிழித்தால், அதைக் கண்டு மகிழ்பவர் பங்களாவில் இருப்பார்.

மூன்றாவது, முறை. வேலைநிறுத்தத்துக்கு இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தகராறு தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட பிறகு வேலைநிறுத்தம் கூடாது என்றும் சொல்கிறது. இந்த விதிகள் நமக்குப் பிடித்தவை அல்ல. ஆயினும் பெரட்டுக் களத்தில் கோபம் வந்தவுடன் கத்தியைப் போட்டுவிட்டு நடந்தால், நாளைக்குக் கஷ்டப்படுவது நடந்தவர்கள்தாம்.

நான்காவது, மறியல். வேலை செய்யும் இடத்தருகே நின்று அமைதியாகச் செய்தி சொல்லவும் அழைக்கவும் உரிமை உண்டு. வழியை அடைப்பதும் மிரட்டுவதும் உரிமையில் சேராது. மங்கைக் கவிழ்ப்பது, மரத்தைக் காயப்படுத்துவது, பால் லோரியை மறிப்பது என்று யாராவது உங்களைத் தூண்டினால், அவர் யாருடைய ஆள் என்று முதலில் விசாரியுங்கள்.

ஐந்தாவது, தனி ஆளின் பேச்சும் எழுத்தும். சங்கத்துக்கு உள்ள பாதுகாப்பு தனி ஆளுக்கு அந்த அளவில் இல்லை. இலண்டன் விமான நிலையத்தில் வரைபடத் தொழிலாளி ஒருவர் சங்கத்தை விட்டு விலகினார். அவரை நீக்காவிட்டால் வேலைநிறுத்தம் என்று சங்கத்தார் சொன்னதால் 1956இல் அவருக்கு வேலை போயிற்று. 1964இல் பிரபுக்கள் சபை, அப்படிச் சொன்னதே மிரட்டல் என்ற தீங்கு என்று கூறி, சங்கத்தார் மூவரைத் தனித்தனியே பொறுப்பாக்கியது. மறு ஆண்டே பார்லிமெண்டு புதுச் சட்டம் போட்டு அந்த ஓட்டையை அடைக்கவேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் பாருங்கள்: 2011இல் பர்மியத் தொழிலாளர்களின் குறைகளை எழுதிய மனித உரிமை வழக்கறிஞர் ஒருவர்மீது ஒரு தொழிற்சாலை 1 கோடி வெள்ளி கேட்டு அவதூறு வழக்குப் போட்டது. சட்டம் படித்தவருக்கே அந்தக் கதி என்றால், வெட்டுக் கத்தி பிடித்தவர் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்கவேண்டும்! கைத்தொலைபேசியில் கோபத்தோடு தட்டிவிடும் நான்கு வரி, கோர்ட்டில் சாட்சியாக வந்து நிற்கும். உண்மையை எழுதுங்கள், தேதியோடு எழுதுங்கள், திட்டி எழுதாதீர்கள்.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் ஆபீசில் உட்கார்ந்திருப்பதால் இந்தச் சட்டம் உங்களைத் தொடாது என்று நினைக்கவேண்டாம். நிர்வாகத்தின் கடிதத்தை நகலெடுத்து வெளியே கொடுத்தால் நம்பிக்கை மீறல் என்று உங்கள் தலையில்தான் வழக்கு விழும். தொழிலாளிக்கு உதவ வேறு வழி இருக்கிறது. அவருக்கு வந்த கடிதத்தைச் சரியாகப் படித்துச் சொல்லுங்கள். கெடு எந்த நாள் என்று எழுதிக் கொடுங்கள். சங்க அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். இந்த மூன்றையும் செய்யும் கிராணியைத் தொழிலாளி ஒருநாளும் மறக்கமாட்டார்.

வக்கீல் கடிதம் வந்தால் என்ன செய்வது? கிழிக்காதீர்கள், ஒளிக்காதீர்கள், மண்டோர் சொன்னார் என்று மன்னிப்புத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கடிதம் வந்த உறையோடு அன்றைக்கே சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். கடிதம் தீர்ப்பாகாது. கேட்பது எவருக்கும் சுலபம். கோர்ட்டில் நிரூபிப்பது கடினம்.

நாம் கேட்பது என்ன?

பிறர் தொழிலைக் கெடுக்க நமக்கு உரிமை வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. தோட்டம் வாழ்ந்தால்தான் நாம் வாழ்வோம் என்பதை எந்தத் துரையும் நமக்குப் போதிக்கவேண்டியதில்லை. பொய் சொல்லி, ஏமாற்றி, அடித்து மிரட்டி ஒருவர் பிழைப்பைக் கெடுத்தவன் யாராயிருந்தாலும் நஷ்டஈடு தரட்டும். அவன் தொழிலாளியானாலும் சரி, முதலாளியானாலும் சரி.

நாம் கேட்பது ஒரே தராசு. தொழில் தகராறில் உண்மை பேசிய ஒவ்வொரு தொழிலாளிக்கும் சங்கத்துக்கு உள்ள பாதுகாப்பு வேண்டும். வாயை அடைப்பதற்காகவே போடும் வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளிவிடும் வழி சட்டத்தில் வேண்டும். வேலை நீக்கப்பட்டவன் முறையிட 60 நாள் என்ற குறுகிய கெடு நீளவேண்டும். தோட்டம் கைமாறும்போது அங்கே உழைத்த குடும்பத்தின் வீடும் பிழைப்பும் கணக்கில் வரவேண்டும். தொழில் என்பது முதலாளியின் முதல் மட்டுமா? விடியுமுன் எழுந்து, குளிரில் நிரை பிடித்து, கொசுக்கடியில் நின்று வெட்டியவனின் உழைப்பும் அந்தத் தொழிலில் பாதியல்லவா? அந்தப் பாதிக்கு வரும் கேட்டைச் சட்டம் தீங்கு என்று ஒப்புக்கொள்ளும் நாள் வரவேண்டும்.

அந்த நாள் தானாக வராது. 1906இல் இங்கிலாந்தில் வந்ததுபோல, சந்தா கட்டியவர்களும் வாக்குப் போட்டவர்களும் ஒன்றுதிரண்டால்தான் வரும். உங்கள் தோட்டத்துச் சந்தாப் புத்தகத்தில் பெயர் இல்லாதவர் யார் என்று இந்த வாரமே பாருங்கள். அவரைக் கையோடு அழைத்து வாருங்கள். பெயர் எழுதாத கைகளுக்குக் கேடயம் எட்டாது.

ஒற்றுமை ஓங்குக! தொழிலாளர் உரிமை வெல்க!